ஒரு சக்கரத்துக்குப் பத்து நட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து இருபதுக்குப் பட்டறையின் மூன்றாம் நம்பர் இடத்தில் ஜாக்கி ஏறியது. செங்கல்வராயன் லாரியின் பின்சக்கரத்தை உருட்டி வந்து முழங்காலால் முட்டுக் கொடுத்து நிறுத்தினான். டயரோடு சேர்த்தால் அது அவனைவிடக் கனம். கடப்பாரை நுனியை அடியில் கொடுத்து நெம்பித் தூக்கி, பத்துத் துளைகளும் பத்து போல்ட்டுகளுக்கு நேராக வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். தகரக் கூரை முந்தின நாள் வெயிலை இன்னும் விடவில்லை. அவன் பனியனிலிருந்து வியர்வையும் கிரீஸும் கலந்து சொட்டியது.

சக்கரம் உட்கார்ந்ததும் நட்டுகளை விரலால் ஏற்றினான். முதல் நான்கு சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். மரை கோணலாக ஏறினால் விரலுக்குத் தெரியும், நட்டு முடுக்குகிற காற்றுத் துப்பாக்கிக்குத் தெரியாது. அப்புறம் துப்பாக்கியை எடுத்தான். மேலே ஒரு நட்டு, அதற்கு நேர் எதிரே கீழே ஒரு நட்டு, வலதில் ஒன்று, இடதில் ஒன்று என்று எதிரெதிராகவே போக வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். துப்பாக்கி முதலில் உறுமும். பிறகு உறுமல் மாறி, டட டட என்று இடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்தால் நட்டு இறுகிவிட்டது என்று எங்கள் பட்டறையில் எல்லோரும் எடுத்துக்கொள்வோம்.

அதன் பிறகு மூன்றாவதாக ஒரு வேலை உண்டு. வீல் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி, இரண்டு ஆள் சேர்ந்து பத்து நட்டையும் கையால் இழுத்து இறுக்குவது. அன்று அது நடக்கவில்லை. ஏப்ரல் பதினைந்தாம் தேதியிலிருந்தே நடக்கவில்லை. நிறுத்தியவர் முதலாளி துளசிராமன். நிறுத்துவதற்குக் காரணம் எழுதிக் கொடுத்தவன் நான்.

என் பெயர் பராசரன். கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, கல்கத்தா ரோட்டின் மேலிருக்கும் அந்த லாரிப் பட்டறையில் வேலைச் சீட்டு எழுதுகிறவன். எந்த வண்டி வந்தது, என்ன வேலை, யார் செய்தார், எத்தனை மணிக்கு வெளியே போனது என்பதையெல்லாம் நான் ஒரு ரிஜிஸ்டரில் எழுதுவேன். சாயங்காலம் பொன்னேரியில் மெஷின் டிராயிங் வகுப்புக்குச் சைக்கிளில் போவேன். என் அப்பாவுக்குத் திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். அதனால் பட்டறையில் எல்லோருக்கும் நான் 'சாமி'. அந்தப் பெயரில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் சரிபாதி என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் கடைசியில் முதலாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "ஒவ்வொரு வேலைக்கும் எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாத்து எழுது சாமி. நீதான் படிக்கிற புள்ளயாச்சே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாள் நின்று அளந்தேன். சக்கரம் கழற்ற, துடைக்க, மாட்ட, விரலால் ஏற்ற, துப்பாக்கியால் இறுக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்தில், குழாய் போட்டுக் கையால் இறுக்க ஒரு சக்கரத்துக்கு ஆறு நிமிஷம் இருபது செகண்ட் என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில், துப்பாக்கி இறுக்கியதையே மறுபடி இறுக்குவது என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

அந்தச் சிவப்புக் கோட்டின் பலன் இரண்டே வாரத்தில் தெரிந்தது. குழாய்கள் எல்லாம் ஸ்டோரில் வைத்துப் பூட்டப்பட்டன. குழாய் இழுக்கிற பச்சையப்பனையும் அவனோடு இழுத்த இன்னொருவரையும் முதலாளி வீட்டுக்கு அனுப்பினார். ஒரே துப்பாக்கி இருந்த இடத்தில் புதிதாக இன்னும் இரண்டு வந்தன. காற்று கொடுக்கும் கம்ப்ரெஸர் மட்டும் பழையதே. அதற்கு ஏற்கெனவே பெயிண்ட் கொட்டகைக்கும் காற்று கொடுக்க வேண்டியிருந்தது.

புதுத் துப்பாக்கிகளுக்குப் பூஜை போட்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலாளி அவற்றுக்குச் சந்தனம் தடவி, ரோஜா மாலை சார்த்தி, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார். லாரிக் கம்பெனி கொடுத்த விளக்கப் புத்தகத்துக்கும் குங்குமம் வைத்துக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டினார். அதன் பக்கங்களை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. குங்குமம் வைத்தால் படித்ததற்குச் சமம் என்ற நினைப்பு.

பிறகு, "எல்லாரும் பாருங்க" என்று துப்பாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு லாரியின் இடதுபக்கச் சக்கரத்துக்குப் போனார். எங்களிடம் வரும் லாரிகளில் இடதுபக்க நட்டுகளுக்கு மரை எதிர்த்திசை. ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். வலதுபக்கம் எப்படித் திருப்பினால் இறுகுமோ, இடதுபக்கம் அப்படித் திருப்பினால் கழலும். லாரி துடைக்கிறவனுக்குக்கூடத் தெரிந்த சமாச்சாரம் இது. இருபத்தேழு லாரிக்குச் சொந்தக்காரரான துளசிராமனுக்குத் தெரியவில்லை.

துப்பாக்கி உறுமியது. நட்டு சுழன்றது. "பாருங்கடா, எப்பிடி இறுகுதுன்னு! நூறு கை சேந்தாலும் இப்பிடி வருமா?" என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே நட்டு கழன்று வந்து அவர் செருப்பின்மேல் விழுந்தது.

ஒரு கணம் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஒன்றாம் நம்பரில் வேலை செய்யும் மோசஸ்தான் முகத்தை மாற்றாமல் சொன்னான்: "பவரு ஜாஸ்தி மொதலாளி. அதான் இறுகி இறுகி வெளியவே வந்துட்ச்சி."

"அதான்டா சொல்றேன்" என்றார் முதலாளி.

இப்படிப்பட்டவரின் கையில்தான் நான் என் அட்டவணையைக் கொடுத்திருந்தேன்.

அந்த ஆண்டு, 1974 மே எட்டாம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சரக்கெல்லாம் ரோட்டுக்கு வந்தது. எங்கள் பட்டறை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டயர் மாற்று, ஸ்பிரிங் பட்டை மாற்று, சீக்கிரம் அனுப்பு என்பதே பேச்சு. விடியற்காலை ஐந்துக்கே வேலை தொடங்கி இருட்டும்வரை நடந்தது. முதலாளி நாஷ்டாவைப் பட்டறைக்கே வரவழைத்தார். எங்களுக்கல்ல, தனக்கு.

"ரயில்காரன் நல்லா இருக்கணும்" என்று இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "இன்னும் ஒரு மாசம் ஸ்ட்ரைக் பண்ணட்டும். நான் திருப்பதிக்கு மொட்ட போட்றேன்."

அவர் போனதும் மோசஸ் துப்பாக்கியைத் துடைத்தபடி சொன்னான். "அவன் அவன் புள்ளகுட்டியோட பட்னி கெடந்து போராட்றான். இந்தாளு அத்த வெச்சி மொட்ட போட்றாராம். தலைல முடி எங்க கீது, மொட்ட போட?"

மே பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, செங்கல்வராயன் என்னிடம் வந்தான். அவன் பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். அதிகம் பேச மாட்டான்.

"சாமி, மூணாம் நம்பர்ல ஏர் கன்னு உதைக்க மாட்டேங்குது."

"உதைக்கலேன்னா?"

"நட்டு இறுகினா தோள்ல ஒதை உழும். இப்ப சொம்மா தடவுற மாரி கீது."

"சத்தம் சரியா வருதா?"

"சத்தம் வருது."

"அப்புறம் என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். "எனுக்கு பைப்பு வேணும் சாமி. மொதலாளியாண்ட கேளு."

நான் கேட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும், கேட்கத்தான் செய்தேன். முதலாளி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆறு நிமிஷம் வீண்ணு நீதான எழுதிக் குடுத்த? இப்ப இன்னா, கையெழுத்து மாறிப்போச்சா?" என்றார். நான் வெளியே வந்து ரிஜிஸ்டரில், மூன்றாம் நம்பர் துப்பாக்கி, சத்தம் சரி, குறை இல்லை என்று எழுதினேன். எழுத்து மிகவும் அழகாக வந்திருந்தது.

மே பதின்மூன்று, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டிரைவர் கலியன் ஓட்டிப்போன லாரி புதுவாயலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் இடது பின்சக்கரங்கள் இரண்டும் கழன்று ஓடின. வண்டி புளியமரத்தில் மோதி நின்றது. ஏற்றியிருந்த இரும்புத் தகடுகள் முன்னால் சரிந்து கலியனின் வலது காலை நசுக்கிவிட்டன. சென்னை ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானமே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் எங்கள் பட்டறை வண்டி ஓட்டி ஒன்பது வருஷம். அந்தச் சக்கரங்களை ஞாயிற்றுக்கிழமை மாட்டியவன் செங்கல்வராயன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கு டீ வரவழைத்தார். குடித்தேன்.

"புதன்கெழம காலீல சப்-இன்ஸ்பெக்டர் வர்றாரு. ரிஜிஸ்டர் கேப்பாரு. ஞாத்திக்கெழம பக்கத்துல ஒரு வரி சேத்துடு."

"என்ன வரி ஸார்?"

"கையால இறுக்கச் சொல்லியும் செங்கல்வராயன் இறுக்கல. அவ்ளோதான்."

"குழாய் ஸ்டோர்ல பூட்டியிருக்கே ஸார்."

"அது புதன்கெழம காலீல, அவரு வர்றதுக்கு முன்னாடி வெளிய வந்துடும். மாட்டி வெச்சிடுவேன், எல்லாரும் பாக்கறாப்ல." அவர் சிரித்தார். "இன்ஷூரன்ஸ்காரன் கேக்கறான் சாமி. தப்பு ஆளுதா மெஷினுதான்னு. மெஷினுன்னா எனக்கு நஷ்டம். ஆளுன்னா ஆளுக்கு ஆறு மாசம். மீன் புடிக்கிறவனுக்கு ஏரியில குந்தினா இன்னா, ஜெயில்ல குந்தினா இன்னா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நாளைக்கி எழுதறேன் ஸார்" என்றேன்.

முடியாது என்று சொல்லவில்லை. நாளைக்கு எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன். இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த வாக்கியம் மாறுவதாக இல்லை.

வெளியே வந்தபோது மூன்று துப்பாக்கிகளும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பெயிண்ட் கொட்டகையிலும் காற்று சீறியது. ஏதோ தோன்றிக் கம்ப்ரெஸரின் பின்னால் போய், காற்றழுத்தம் காட்டும் அதன் வட்ட முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். மூன்று மாதத் தூசி. முள் நாற்பத்தெட்டு பவுண்டில் நின்றது. துப்பாக்கியின் அடியில் தொண்ணூறு வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. மூன்றாம் நம்பருக்குப் போகும் காற்றுக் குழாய்தான் கம்ப்ரெஸரிலிருந்து கடைசி. மிச்சக் காற்றுதான் அங்கே போய்ச் சேரும். நட்டு அடியில் முட்டியதும் துப்பாக்கி இடிக்கத் தொடங்கிவிடும். பலமாக இடித்தாலும் மெதுவாக இடித்தாலும் டட டட என்றுதான் கேட்கும். நாங்கள் எல்லோரும், முக்கியமாக நான், அந்தச் சத்தத்தை நம்பியிருந்தோம்.

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். செங்கல்வராயனின் மனைவி செங்கம்மாளும் இருந்தாள். பழவேற்காட்டு மீனைக் கூடையில் கொண்டு வந்து கவரைப்பேட்டையில் விற்கிறவள். புருஷனை போலீஸ் கூட்டிக்கொண்டு போகப்போகிறது என்று யாரோ சொல்ல, மீனை விட்டுவிட்டு வந்திருந்தாள். வேலை போன பச்சையப்பனும் செங்கல் சூளைக்குப் போகும் வழியில் நின்றிருந்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், அட்டவணை, சிவப்புக் கோடு, வெள்ளிக்கிழமை எழுதிய 'குறை இல்லை', நேற்று குடித்த டீ, இன்று எழுத வேண்டிய வரி. வரிசை மாறாமல் சொன்னேன்.

மோசஸ்தான் முதலில் வாய் திறந்தான்.

"அப்போ பைப்ப பூட்டினது உன் பேப்பரா?"

"ஆமா."

"நாங்க மொதலாளிக்குத்தான் மூள வந்துட்ச்சோன்னு பயந்துக்கினு இருந்தோம்."

பச்சையப்பன் என் அருகில் வந்தான். "ஆறு நிமிஷம் இருவது செகண்டா? எண்ணிக்கினு நின்னியே, நாலாவது நட்டுக்கும் அஞ்சாவது நட்டுக்கும் நடுவுல நான் மூச்சு வாங்கினேனே, அத்த எந்தக் கட்டத்துல போட்ட?"

அதற்குக் கட்டம் போடவே இல்லை.

செங்கல்வராயன் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே கேட்டான். "கலியன் என் ஊட்ல சாப்ட்டவன் சாமி. அவன் கால நான்தான் எடுத்தேன்னு எழுதப் போறியா?"

"எழுத மாட்டேன்."

"எழுதலன்னா?"

"சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவார்."

"இவ்ளோதானா?" என்றாள் செங்கம்மாள். "நீ எழுதாட்டி வேற எவனாச்சும் எழுதப் போறான். பேனாவுக்கா பஞ்சம்? இவுரு இறுக்கினாரா இல்லியான்னு எப்பிடித் தெரியும் உங்களுக்கு? கைய வெச்சிப் பாப்பீங்களா, காத வெச்சிப் பாப்பீங்களா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு வழி தெரிந்தது. கண்ணாடி அலமாரிக்குள் போகும் முன்பு, அந்த விளக்கப் புத்தகத்தை ஒரு மத்தியானம் நான் படித்திருக்கிறேன். முக்கியமானதை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் ஐம்பத்தைந்து கிலோ இழுப்பு வேண்டும் என்பது அதில் ஒரு வரி. துப்பாக்கி நட்டை ஓட்டி உட்கார வைக்க மட்டுமே, கடைசி இறுக்கம் கையால்தான் என்பது அடுத்த வரி. இரண்டையும் என் கையால் எழுதிவிட்டுத்தான் அந்த அட்டவணையையும் போட்டேன். படிப்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும் உள்ள தூரம் எனக்குப் பொன்னேரி வகுப்புக்குப் போகும் தூரத்தைவிட அதிகம்.

"இழுப்பை எடை போட்டுப் பாக்கணும்" என்றேன். "அதுக்கு ஒரு தராசு வேணும். கொக்கி போட்ட தராசு."

செங்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க மீன் ஏலத்துல எறா கூடைய தூக்கற தராசு கீது. நூறு கிலோ வரைக்கும் காட்டும். ஆனா வாட அடிக்கும் சாமி, உனுக்கு ஆவுமா?"

கடையில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எழுந்தது.

அன்று நான் ரிஜிஸ்டரைப் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டேன். முதலாளி கேட்டபோது, திருத்தமாக எழுத வேண்டும் என்று எடுத்துப் போவதாகச் சொன்னேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

புதன் காலை ஐந்து மணி. வெளியே போகத் தயாராக இருந்த லாரிகள் பதினொன்று. பச்சையப்பன் எங்கிருந்தோ கைப்பம்புக் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நான் அதில் ஒரு மீட்டர் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டேன். செங்கம்மாள் தராசைக் கோணியிலிருந்து எடுத்தாள். அதன் கொக்கியில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது.

முதலில் ஒரே துப்பாக்கியை ஓட்டி, ஒன்றாம் நம்பரில் ஒரு சக்கரத்தை இறுக்கினோம். பிறகு குழாயைச் சொருகி, கோட்டில் தராசை மாட்டி இழுத்தோம். நட்டு அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் இறுக்கம். ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு. பிறகு மூன்றையும் சேர்த்து ஓட்டினோம். பெயிண்ட் காற்றையும் திறந்துவிட்டோம். மூன்றாம் நம்பரில் செங்கல்வராயன் இறுக்கினான். டட டட என்ற சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

முப்பது. இருபத்தெட்டு. முப்பத்தொன்று.

நம்ப முடியாமல் பத்து நட்டையும் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து. மோசஸுக்குப் பொறுமை போய்விட்டது. "போதும் சாமி. எத்தினி தபா எட போட்டாலும் மீனு வளராது" என்றான்.

லாரி ஓட்டுநர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேகர் என்ற டிரைவர் தன் வண்டியைக் காட்டினான். "இது மூணாம் நம்பர்ல மாட்டினதுதான. இத்தப் பாரு." பார்த்தோம். இருபத்தொன்பது. அவன் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அங்கேயே, நின்ற நிலையிலேயே முடிவானது. யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மோசஸ் என்று நினைக்கிறேன். வேலையை நிறுத்த வேண்டாம், வேலையைச் சரியாகச் செய்வோம். பதினொரு வண்டியின் எல்லா நட்டுகளையும் தளர்த்தி, ஒரே துப்பாக்கியை ஓட்டி, கையால் இறுக்கி, எடை பார்த்து ஒவ்வொன்றாக அனுப்புவோம். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

முதலாளி எட்டரைக்கு வந்தார். ஒரு லாரிகூட நகரவில்லை. எல்லாம் ஜாக்கிமேல் நின்றன.

"இன்னாடா நடக்குது இங்க? மீன் மார்க்கெட்டா இது?"

"மீன் மார்க்கெட்ல எடையப் பாத்துதான் டப்பு குடுப்பாங்க மொதலாளி" என்றாள் செங்கம்மாள். "இங்கதான் சத்தத்தக் கேட்டு குடுக்கறீங்க."

"யார்ரா இவள உள்ள உட்டது?" அவர் பார்வை என்மேல் விழுந்தது. "சாமி, நீயுமா? உங்கப்பா கோயில்ல தளிகை பண்றாரு. நீ ஸ்டேஷன்ல போயி பண்ணப் போறியா?"

"நான் எழுதினது தப்பு ஸார்" என்றேன். "அந்த ஆறு நிமிஷம் வீண் இல்லே. மூணாம் நம்பர்ல முப்பதுதான் வருது. அம்பத்தஞ்சு வேணும். செங்கல்வராயன் சரியாத்தான் இறுக்கினான். காத்துதான் இல்லே. உங்க அலமாரில இருக்கற புஸ்தகத்துல பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு."

"எனக்கே புத்தகம் சொல்றியா நீ? துப்பாக்கிய ஓட்டிக் காட்டினவன்டா நான்!"

"ஆமா, பாத்தோம்" என்றான் மோசஸ். "செருப்பு மேல."

இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவில்லை. சிரிப்பு கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய் வந்தது. முதலாளியின் காது சிவந்தது.

"எல்லாரும் வெளிய போங்கடா! கூடூர்லேர்ந்து மத்தியானத்துக்குள்ள ஆள எறக்கறேன். தின்ன சோத்துக்கு நன்றி கெட்ட நாய்ங்க!"

"எறக்கு நைனா" என்றான் சேகர், வண்டிப் படியில் உட்கார்ந்தபடியே. "நட்டு மாட்ட ஆளு வரும். வண்டிய ஓட்ட? கலியன் காலு போனத பாத்துட்டு எவன் ஏறுவான்? நீ ஏறு, நான் பின்னால வந்து கை தட்றேன்."

பதினொரு டிரைவர்களில் ஒருவரும் முதலாளி பக்கம் வரவில்லை. ஒருவரும் வண்டியைக் கிளப்பவும் இல்லை. முதலாளி அறைக்குள் போய்த் தொலைபேசியைச் சுழற்றத் தொடங்கினார். நாங்கள் வேலைக்குத் திரும்பினோம்.

ஜீப் பத்தே காலுக்கு வந்து வாசலில் நின்றது. சப்-இன்ஸ்பெக்டரோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அவன்தான் சார்! அந்தக் கறுப்பு பனியன்!"

செங்கல்வராயன் ஐந்தாவது லாரியின் பின்சக்கரத்தில் ஆறாவது நட்டை முடித்திருந்தான். குழாயின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்துவிட்டது.

"செங்கல்வராயன் எவன்டா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

செங்கல்வராயன் நிமிரப் போனான். மோசஸ் அவன் தோளை அழுத்திக் கீழே வைத்தான். "பத்து நட்டு சார். நாலு பாக்கி கீது. பாதில எழுந்தா இதுவும் புளியமரத்துக்குத்தான் போவும். குந்துங்க, டீ சொல்றேன்."

"ரிஜிஸ்டர் யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஸார்" என்றேன். "உள்ளது உள்ளபடி எழுதியிருக்கேன். நானே தப்பா எழுதினதும் அதுல இருக்கு. முடிச்சிட்டுத் தரேன், இப்ப கை காலியா இல்லே."

அப்படிப் பேசியது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். உட்காரவில்லை. கிட்டே வரவும் இல்லை. அவர் என்ன முடிவு செய்வார் என்று யாருக்கும் தெரியாது. கூடூர் ஆட்கள் வரலாம். செங்கல்வராயனை ஏற்றிக்கொண்டு போகவும் செய்யலாம். எனக்கு நாளை வேலை இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

செங்கல்வராயன் ஏழாவது நட்டில் ஸ்பேனரை மாட்டினான். மோசஸ் குழாயைப் பிடித்தான். பச்சையப்பன் பிடித்தான். சேகர் படியிலிருந்து இறங்கி வந்து பிடித்தான். பின்னால் இன்னும் யார் யாரோ கை வைத்தார்கள்.

செங்கல்வராயன் திரும்பிப் பார்த்துக் கத்தினான். "யோவ், எத்தினி பேரு! இப்பிடி இழுத்தா போல்ட்டு அறுந்துடும். ரெண்டு பேரு போதும். மத்தவங்க கேட்டாண்ட போய் நில்லுங்க!"

அவர்கள் கையை எடுத்தார்கள். பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலை நோக்கி நடந்து போய், ஜீப்பைச் சுற்றி நின்றார்கள்.